பேரின்பநாதனுக்கு ஒரு ஓக் மரம்

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் கத்தரிக்காய்ப் பிரட்டல் நன்றாக அமைந்துவிட்டால் நினைவு மலரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. மடியில் விரித்து அதன் மேல் தட்டை வைத்துக்கொள்வார்கள். சிலர் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பதினான்கு வருடங்களாக அந்த மலர்களுக்கு அட்டைப்படம் வரைந்து வருபவன் என்பதால் இதைக் கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் கவனித்திருக்கிறேன்.

தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று சொன்னீர்கள். நன்றி. என்னுடைய பிரெஞ்சு தரை துடைக்கவும் மரங்களைப் பற்றி வாசிக்கவும் காணும், இதற்குக் காணாது. மொழிபெயர்ப்பவர் தமிழராக இருந்தாலும் நீங்கள் தமிழர் இல்லை. ஆகவே வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துச் சைவர்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, ஒரு சிறு புத்தகமும் கையில் கொடுத்து அனுப்புவோம். அதில் தேவாரம் இருக்கும். இறந்தவரின் வரலாறு, வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல், அவர் இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா எல்லாம் இருக்கும். மொன்ட்ரியாலில் இவற்றில் பாதியை அச்சடிப்பவர் றெனோல்ட். மன்னார்க் கத்தோலிக்கர், ஆனால் திதி வெண்பாவில் ஒரு எழுத்துப் பிழைகூட விடமாட்டார். நான் அவரிடம் போகுமுன் அவருடைய அட்டைகளில் மூன்றே மூன்று படங்கள்தான் மாறி மாறி வந்தன: தாமரை, குத்துவிளக்கு, சூரியன் மறையும் கடல். ஐந்து பிள்ளை பெற்ற தாய்க்கும் அதே கடல், ரயிலில் அடிபட்ட பொடியனுக்கும் அதே கடல். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். அங்கே எறிவதற்கு ஒதுக்கிய பெட்டியில் ஒரு புத்தகம் கிடந்தது. இருநூறு வருடங்களுக்கு முன் ஜெர்மன்காரர்கள் பென்சிலாலும் மையாலும் வரைந்த இயற்கைக் காட்சிகள். கேட்டுத்தான் எடுத்தேன். அகராதியோடு வாசித்து முடிக்க மூன்று பனிக்காலம் ஆயிற்று. அவர்கள் மரத்தை மரமாக வரையவில்லை என்பது முதல் பனிக்காலத்திலேயே விளங்கிவிட்டது. ஊசியிலை மரம் பனியிலும் பச்சையாக நிற்பதால் அது நம்பிக்கை. இலை உதிர்ந்த ஓக், எத்தனை அடி பட்டும் மண்டியிடாத பழைய வீரம். நடுவில் முறிந்த மரம் முடிந்துபோன ஆயுள். அதன் காலடியில் ஒரு கன்று நின்றால், முடிந்தது உடம்பு மட்டும்தான் என்று அர்த்தம். மனிதனையும் அவர்கள் வரைவார்கள், ஆனால் சிறிதாக, முதுகைக் காட்டியபடி. அவன் எதைப் பார்க்கிறானோ அதை நாமும் அவன் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக.

அதன் பிறகு ஒவ்வொரு ஆளின் வாழ்க்கையையும் கேட்டுக் கேட்டுத்தான் மரம் தேர்ந்தெடுத்தேன். சனம் லேசில் ஏற்கவில்லை. ஒரு வீட்டில், "ஏன் இதிலை ஒரு மாங்காய்கூடக் காய்க்கேல்லை?" என்று கேட்டார்கள். வேறு ஒரு வீட்டில் ஊசியிலை மரத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் வேதக்காரர் இல்லை, நத்தார் மரத்தை எடுங்கள் என்றார்கள். பொறுமையாக விளங்கப்படுத்தினேன். நான் கோபக்காரன் இல்லை. என்னைத் தெரிந்த எவரும் உங்களுக்கு இதைச் சொல்வார்கள்.

போன கார்த்திகையில் சிவாஜினி தொலைபேசியில் அழைத்தாள். புரோசார்ட்டில் இருக்கிறாள், ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அவளுடைய தகப்பன் பேரின்பநாதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தார். எழுபத்து நான்கு வயது. எனக்கு முகம் தெரியும், கோயிலில் தலை அசைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"மாமா, டொக்டர்மார் இனி ஒண்டும் செய்யேலாது எண்டிட்டினம்," என்றாள். "றெனோல்ட் அண்ணைக்கு இந்த மாசம் வேலை கூடவாம், எல்லாத்தையும் வெள்ளனத் தரச் சொல்லுறார். உயிரோடை இருக்கேக்கை இப்பிடிக் கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ."

குறை நினைக்கவில்லை. நிறையப் பேர் இப்படி முன்கூட்டியே செய்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை. அவரைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். இருபது நிமிடம் அழுது அழுது சொன்னாள். முப்பத்து நாலு வயதில் மனைவியை இழந்தவர். கைக்குழந்தையோடு மூன்று நாடு தாண்டி வந்தவர். மொன்ட்ரியால்-நோரில் டெப்பனர் எனும் சில்லறைக் கடை போட்டு, இரண்டு தரம் கொள்ளை போய், இரண்டு தரமும் மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடை திறந்தவர். மறுமணம் செய்யவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே மரம் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மரம் கோட்-டெ-நெய்ஜில் ஒரு அடுக்குமாடி வரிசைக்குப் பின்னால், ஒரு சின்னச் சரிவில் நிற்கிறது. நின்றது என்று சொல்ல வேண்டும். மின்னல் விழுந்து உச்சி கருகிய கிழட்டு ஓக். ஒன்பது நாள், வேலை முடிந்ததும் போய் நின்று வரைந்தேன். விரல் விறைத்தால் பேருந்துத் தரிப்பிடத்தில் போய் நின்றுவிட்டு வருவேன். மரத்தை உள்ளபடி வரைந்தேன், ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். சரிவுப் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளையை முறித்துத் தரையில் கிடத்தினேன். காலடியில் நின்ற கன்றை அப்படியே வைத்தேன். அது சிவாஜினி. என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரே நல்ல படம் அதுதான். தற்பெருமை இல்லை, மற்றவை எல்லாம் சுமார் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

சிவாஜினிக்கு அனுப்பினேன். அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். வரலாறு எழுதியாயிற்று, வம்சாவளி அடித்தாயிற்று, வெண்பாவிலும் திதி வரும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பத்தாம் நாள் பேரின்பநாதன் கண்ணைத் திறந்து யோகட் கேட்டார்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம் என்றுதான் சிவாஜினியிடம் சொன்னேன். றெனோல்ட், "ஃபைலை அழிச்சுவிடட்டோ அண்ணை?" என்று கேட்டார். இருக்கட்டும், என்றைக்கோ ஒருநாள் தேவைப்படத்தானே போகிறது என்றேன். அதில் தவறாக ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் ஒருநாள் தேவைப்படும்.

தை மாதத்தில் பேரின்பநாதனே அழைத்தார். யாரோ உறவுக்காரர் அட்டையை வைபரில் போட்டு வைத்திருக்கிறார், அது சுற்றிச் சுற்றி அவரிடமே போய்விட்டது.

"தம்பி குணரத்தினம், நான் செத்த புத்தகத்தைப் பாத்தன்," என்றார். "அச்சு வடிவாயிருக்கு. ஒருக்கா வந்து தேத்தண்ணி குடியும், கதைப்பம்."

போனேன். அந்தச் சரிவிலிருந்து நூறு அடிகூட இல்லாத கட்டடத்தில், கீழ்த்தளத்தில் தனியே இருந்தார். ஒரு காதில் கேட்கும் கருவி, கையில் தடி. நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தார். படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினார்.

"இலையெங்கை?"

"இலை இல்லை அண்ணை. அதுதான் அதின்ரை அர்த்தம்." வீரத்தைப் பற்றியும், மண்டியிடாததைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, பட்ட மரம் எண்டு எங்கடை ஆக்கள் ஆரைச் சொல்லுறது? என்ரை மனிசி செத்த கிழமை, என்ரை சொந்த மச்சாள் முத்தத்திலை நிண்டு என்னைப் பாத்து அந்தச் சொல்லைச் சொன்னவ. நாப்பது வருசம். நான் ஆருக்கும் சொல்லேல்லை, பிள்ளைக்கும் தெரியாது. நீர் அதைத் தேடிப் பிடிச்சு அட்டையிலை போட்டிருக்கிறீர்."

அவர் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் கலங்கியிருந்தது. "எனக்கு ஒரு வாழையைப் போடும். பக்கத்திலை ரெண்டு குட்டி. கேட்டது பெரிய விசயமே?"

வாழை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்பது அதைத்தான். மனிதன் தன் வாழ்க்கையைத் தானே பார்க்க முடியாது, முதுகைத் தானே பார்க்க முடியாததுபோல. அதற்குத்தான் வரைகிறவன் இருக்கிறான். அவருக்கு அதை விளங்கவைக்கலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். புத்தகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே பார்த்தார். "பாவம் ஜெர்மன்காரர். வெய்யிலே காணாத சனம், அதுதான் மொட்டை மரத்திலை இவ்வளவு ஆசை," என்றார். நான் வருவது அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு என்ன பிஸ்கட் வாங்குவது என்று கேட்பார்.

பங்குனியில் அவர் உடம்பு தேறிவிட்டது. அது எனக்கு உதவியாக இருக்கவில்லை. கன்னம் வைத்தது. யன்னலோரம் தக்காளி விதை போட்டு, முளைத்ததை ஒவ்வொன்றாகக் காட்டினார். "மரம் வைச்சவன் தண்ணி ஊத்துவான் எண்டுவினம். எனக்கு ஊத்தியிருக்கிறான், பாரும்," என்றார். கார்த்திகையில் அச்சொட்டாகப் பொருந்தியிருந்த ஒரு படம் கிழமைக்குக் கிழமை பொய்யாகிக்கொண்டு வந்தது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் பிழை இருக்கவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். படத்தைப்போல இல்லாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று அந்தக் கிளை, மற்றது பேரின்பநாதன்.

சித்திரை பிறக்கச் சில நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தொலைபேசியில் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வாறாள். என்ரை கடைசி விருப்பங்கள் எல்லாத்தையும் அவளோடை இருந்து எழுதப்போறன். அந்த ஓக் வேண்டாம் எண்டதும் அதிலை வரும். உம்மட்டைச் சொல்லாமச் செய்யிறது சரியில்லை. குறை நினையாதையும் தம்பி."

நேர்மையான மனிதர். நான் குறை நினைக்கவில்லை என்றேன்.

புதன்கிழமை முழுக்க உறைமழை பெய்தது. இந்த ஊரில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கம்பி, வேலி, கிளை எல்லாம் விரல் தடிப்புக்குக் கண்ணாடி பூசி நின்றன. மின்சாரம் போனது. வியாழன் காலை வேலைக்கு வரவேண்டாம் என்று செய்தி வந்தது. நான் சரிவுக்குப் போனேன். பூங்காக்காரர் எனக்கு முன்னே வந்து போயிருக்கிறார்கள். ஓக்கைச் சுற்றி நான்கு தடி நட்டு மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். பெரிய கிளை அடியில் பிளந்து, உள்ளே வெள்ளை மரம் தெரிந்தது. இடைக்கிடை ஒரு முனகல் கேட்டது. என் படத்தில் நான் எந்த இடத்தில் முறித்திருந்தேனோ, அதே இடம். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

நாடாவைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தேன். தடிகளைப் பிடுங்கிப் பற்றைக்குள் கிடத்தினேன். பிறகு அவரை அழைத்தேன்.

"அண்ணை, மரம் முழுக்கக் கண்ணாடியா நிக்குது. வாங்கோ. உங்களை அதுக்குக் கீழை நிப்பாட்டிப் புதுசாக் கீறப்போறன். நீங்கள் சொன்ன மாதிரிப் பச்சை மரமாவே கீறித்தாறன்."

"மெய்யாவோ தம்பி?" என்றார். "வீட்டிலை கரண்டும் இல்லை, விறைக்குது. வழுக்காமச் சப்பாத்துக்கு முள்ளுக் கட்டிக்கொண்டு வாறன்."

புது வேட்டி கட்டிய மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார். தொப்பி மாற்றியிருந்தார், நல்ல தொப்பி. காதுக் கருவி ஈரம் பட்டால் கெட்டுவிடும், நான் வைத்திருக்கிறேன் என்று கை நீட்டினேன். கழற்றித் தந்தார். அது இல்லாவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேளாது என்பது எனக்குத் தெரியும். கழற்றுமுன்பே எல்லாம் சொல்லிவிட்டேன்: எனக்கு முதுகைக் காட்டி, சரிவைப் பார்த்தபடி நிற்க வேண்டும். நான் வந்து தோளைத் தொடும்வரை அசையக் கூடாது. அவர் தலையாட்டிவிட்டுப் போய், நான் காட்டிய இடத்தில் நின்றார்.

கிளை விழும் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது. அன்று விழாவிட்டால் வெள்ளியும் அழைத்திருப்பேன், சனியும் அழைத்திருப்பேன். ஞாயிறுக்கு முன் மூன்று நாள் இருந்தது. நாற்பது நிமிடம் நின்றார். நல்ல மாடல், தடியைக்கூட மாற்றிப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு தரம், திரும்பாமலே, "முடிஞ்சுதோ தம்பி?" என்று கேட்டார். பதில் சொன்னாலும் கேட்காது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கிளை முறியத் தொடங்கியபோது, முதல் சத்தத்துக்கும் விழுந்ததற்கும் இடையில் போதிய நேரம் இருந்தது. அவருடைய தோள் என்னிடமிருந்து பன்னிரண்டு அடி. நான் தொடவில்லை.

பிறகு தடிகளை நட்டு நாடாவைத் திரும்பக் கட்டினேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாட வருவார்கள். அதற்குப் பிறகுதான் 911 அழைத்தேன். வந்த அதிகாரிகளிடம், கேளாத மனிசன், நான் வருமுன் நாடாவைத் தாண்டிப் போய்விட்டார் என்றேன். நம்பினார்கள். அந்த வாரம் ஊரெல்லாம் மரம் முறிந்துகொண்டிருந்தது. சவச்சடங்கில் சிவாஜினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா நீங்களாவது பக்கத்திலை இருந்தியள், மாமா, அதுவே எனக்குக் காணும்," என்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல பிள்ளை.

மலரைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லாம் ஆயத்தம்தானே, திதிதான் பாக்கி என்று நானும் சும்மா இருந்தேன். அந்த மாதம் நிம்மதியாக நித்திரை கொண்டேன். படம் ஒருவழியாக உண்மையாகிவிட்டது. இதைச் சொல்லத் தயங்கவில்லை, ஏனென்றால் இதில் எனக்கென்று நான் எதையும் தேடவில்லை.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் மலரைக் கையில் தந்தார்கள். அட்டையில் என் ஓக் நின்றது. அதில் இலை இருந்தது. ஒவ்வொரு கொப்பிலும் கிளிப்பச்சை நிறத்தில் கொத்துக் கொத்தாக இலை. முறிந்து தரையில் கிடந்த கிளையிலும் இலை துளிர்த்திருந்தது. கன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு வாழைக்குட்டிகளை வைத்திருந்தார்கள்.

சிவாஜினி வந்து பக்கத்தில் இருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு நிறைவு.

"அண்டைக்கு வெளிக்கிட்டு நடந்து வரேக்கை அப்பா எனக்கு ஃபோன் எடுத்தவர், மாமா. சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோசம். 'குணரத்தினம் எனக்குப் பச்சை மரம் கீறித்தரப்போறானாம், ஓம் எண்டிட்டான், இனி அதையே போடு பிள்ளை' எண்டவர். அதுதான் அவர் என்னோடை கடைசியாக் கதைச்சது. நீங்கள் கீறி முடிக்கிறதுக்கிடையிலை இப்பிடி நடந்திட்டுது. உங்களை மினக்கெடுத்தக்கூடாது எண்டு, றெனோல்ட் அண்ணையைக் கொண்டு கொம்பியூட்டரிலை இலை வைச்சம். நீங்கள் அப்பாவுக்குக் குடுத்த வாக்குப் பிழைக்கக் கூடாதெல்லோ."

நான் வடிவாயிருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். இந்த விஷயத்தில் நான் அழுதது அந்த ஒரு தரம்தான். முந்நூறு பிரதி. லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும்கூட அனுப்பிவிட்டார்கள்.

நானாகவே உங்களிடம் வந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை என்பது உண்மை. சான்றுப் பொருள்களை நீங்கள் வெளிச்சம் படாத அறையில், மடிக்காமல், எண் போட்டு, ஆக்கியவர் பெயரும் தேதியும் எழுதி வைப்பீர்கள் என்றும், யாரும் அதில் கை வைக்க முடியாது என்றும் கேள்விப்பட்டேன். அசல் படத்தை இத்துடன் தருகிறேன். தேதி கார்த்திகை இருபத்தொன்று, மூலையில் இருக்கிறது. கோப்பில் போடுவதற்காக ஓட்டை குத்த வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றபடி, நாடாவைக் கழற்றியவன் நான். காதுக் கருவியை வாங்கியவன் நான். அவரை அந்த இடத்தில் நிறுத்தி, கிளை விழும்வரை காத்திருந்தவனும் நான்தான். விபத்து என்று எழுதியிருப்பதை வெட்டிவிட்டுக் கொலை என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அன்று நாற்பது நிமிடமும் என் கையில் இருந்த தாளையும் கேட்டீர்கள். அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் வரையப்படவில்லை.

பேரின்பநாதன் எப்படிப்பட்டவர் என்றும் ஒரு கேள்வி இருந்தது. அதை மகளிடம் கேளுங்கள். எனக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது.